வாங்கில் காத்திருப்போரின் நியாயம்

அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவிலே, சுவரோரம் இடப்பட்டிருக்கும் நீண்ட வாங்கில் ஓர் இரவையேனும் கழித்திராத குடும்பம் நம் நாட்டில் இருப்பது அரிது. பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது என்றோ, பாட்டனாருக்கு நெஞ்சு நோகிறது என்றோ ஏதாவதொரு நாள் அங்கே ஓட வேண்டியவர்களாகவே இருக்கிறோம். கட்டணம் கேட்பார் அங்கில்லை. கதவும் எந்நேரமும் திறந்தே இருக்கிறது. எனினும் அந்த வாங்கிலிருந்து எழுந்து வீடு திரும்புவோரிற் பலர், நோய் தணிந்த பின்னும், மனத்தில் ஒரு முறைப்பாட்டைச் சுமந்துகொண்டே திரும்புகிறார்கள். "எனக்குப் பின்னால் வந்தவரை முன்னால் அழைத்தார்கள்" என்பது ஒன்று. "நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் உண்மையில் வெவ்வேறானவை. முதலாவது முறைப்பாட்டிலே பெரும்பாலும் நியாயம் இருப்பதில்லை. இரண்டாவதிலோ சில வேளைகளில் ஓர் உயிரே அடங்கியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் சகோதரியின் மகன் மதிலிலிருந்து விழுந்து, முழங்கைக்கு மேலே எலும்பை முறித்துக்கொண்டான். மலைநாட்டு நகரொன்றின் ஆஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டுசென்றோம். இரவு எட்டு மணி இருக்கும். வாங்கில் எங்களுக்கு அருகே, கையிலே துவாயைச் சுற்றிக்கொண்டு தச்சுத் தொழிலாளர் ஒருவர் அமர்ந்திருந்தார். உளி பாய்ந்து அவர் உள்ளங்கை பிளந்திருந்தது. அவருக்கு அப்பால், சக்கர நாற்காலியிலே, கம்பளி போர்த்திய தோட்டத்து மூதாட்டி ஒருவர் தலை கவிழ்ந்திருந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழிந்தபின் ஓர் இளைஞனை முச்சக்கர வண்டியிலிருந்து இறக்கினார்கள். அவன் உடம்பிலே இரத்தக் காயம் எதுவும் காணப்படவில்லை. தானாகவே நாலடி நடக்கவுஞ் செய்தான். அவனைக் கண்டதும் தாதி எங்கள் எல்லோரையும் தாண்டி அவனை உள்ளே அழைத்துச் சென்றுவிட்டார். தச்சருக்கு வந்ததே கோபம்!

"பாத்தீங்களா ஐயா! உள்ளுக்கு ஆள் இருக்கிறவனுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம்" என்றார். வாங்கிலிருந்த அனைவரும் தலையசைத்தோம். நானும் அசைத்தேன் என்பதை மறைப்பானேன்?

அரை மணி நேரத்தின் பின் அவ்வழியே வந்த அதே தாதி, தச்சரின் முகக்குறிப்பைக் கண்டுபோலும், நின்று இரண்டு வார்த்தை சொன்னார். தேயிலை மலையிலே அந்த இளைஞனைக் குளவிகள் கொட்டியிருந்தன. விஷம் உடம்பெங்கும் பரவித் தொண்டை வீங்கத் தொடங்கியிருந்தது. சற்றே தாமதித்திருந்தாலும் மூச்சு அடைத்திருக்கும். தச்சரின் கோபம் இருந்த இடம் தெரியாமற் போயிற்று. "அப்பிடியா மிஸ்ஸி? அத முதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். அதன்பின் அவ்வாங்கில் முணுமுணுப்பு எழவில்லை.

கூப்பன் கடை வரிசையிலே பழகியவர்கள் நாம். முந்தி வந்தவருக்கு முந்திக் கொடுப்பதே அங்கு நியாயம். அரிசி எல்லோருக்கும் ஒரே அரிசிதான். பசியும் ஏறக்குறைய ஒரே பசிதான். ஆனால் ஆஸ்பத்திரி வாங்கில் அருகருகே இருப்பவர்களின் ஆபத்து ஒன்றன்று. ஒருவருக்கு நாளை காலைவரை பொறுக்கலாம்; மற்றவருக்கோ பத்து நிமிடமும் பொறுக்கலாகாது. ஆகவே அங்கு வரிசையைக் கலைப்பதே நியாயமாகிறது.

இந்த நியாயத்தைப் போர்க்களத்தில் நடைமுறைப்படுத்தியவர்களுள் முன்னோடி, நெப்போலியனின் படையிலே சத்திரவைத்தியராயிருந்த டொமினிக் லாரே என்பவர். அக்காலத்திலே காயம்பட்ட தளபதிக்கு முதலிடமும் சிப்பாய்க்குக் கடைசியிடமும் கொடுப்பதே வழக்கம். லாரே பதவியையும் பாராது, தன் நாட்டவனா எதிரி நாட்டவனா என்பதையும் பாராது, காயத்தின் கடுமையை மட்டுமே பார்த்து முறை வகுத்தார். பிரித்தெடுத்தல் என்னும் பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லாகிய 'ட்ரியாஜ்' என்பதே இம்முறைக்குப் பின்னாளிற் பெயராயிற்று. இன்று உலகெங்கும் ஆஸ்பத்திரி வாசலில் இப்பிரிப்பு நடைபெறுகிறது. இங்கிலாந்தின் மஞ்செஸ்டர் நகரிலே 1990களில் வகுக்கப்பட்ட முறை பெயர்பெற்றது. அதிலே நோயாளர் ஐந்து நிறங்களாகப் பிரிக்கப்படுகின்றனர். சிவப்பு நிறத்தாரை உடனேயே பார்த்தல் வேண்டும். செம்மஞ்சள் நிறத்தாரைப் பத்து நிமிடத்திலும், மஞ்சள் நிறத்தாரை ஒரு மணி நேரத்திலும், பச்சை நிறத்தாரை இரண்டு மணி நேரத்திலும், நீல நிறத்தாரை நான்கு மணி நேரத்திலும் பார்த்தல் வேண்டும். தச்சர் பச்சையாயிருந்திருப்பார், குளவி கொட்டியவன் சிவப்பு. வாங்கிலிருப்போர் இதை அறிந்துகொண்டால் முறைப்பாடு பாதியாகக் குறைந்துவிடும்.

ஆனால் அறிவிப்பார் யார்? காத்திருத்தலின் உளவியலைப் பற்றி 1985ஆம் ஆண்டில் டேவிட் மைஸ்டர் என்னும் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். காரணம் சொல்லப்படாத காத்திருப்பும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், பக்கச்சார்பானதென்று தோன்றும் காத்திருப்பும், துணையின்றித் தனியே காத்திருப்பதும் கடிகாரம் காட்டுவதிலும் நீண்டதாகவே மனிதனுக்குத் தோன்றும் என்பது அவர் கருத்து. ஆஸ்பத்திரி வாங்கில் இந்நான்கும் ஒருங்கே கூடிவிடுகின்றன. காரணத்தைச் சொல்லாதவிடத்து, நோயாளி தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறார். "உள்ளே ஆள் இருக்கிறது" என்பதே நம் நாட்டில் அனைவருக்கும் முதலில் தோன்றும் காரணம். அது எப்போதும் பொய்யென்று சத்தியம் செய்ய என்னால் இயலாது. டாக்டரின் உறவினர் பக்கக் கதவால் நுழைவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

இதுவரை கூறியது முதலாவது முறைப்பாடு. இரண்டாவதற்கு வருவோம். அதன் முழுக் கொடுமையையும் அறிய, எல்லா வசதியும் படைத்த ஒரு தேசத்திலே, பெரிய ஆஸ்பத்திரியொன்றிலே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கனடா தேசத்தின் மனிட்டோபா மாகாணத்திலே வின்னிபெக் என்றொரு நகரம் உண்டு. 2008ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பிரையன் சின்கிளேர் என்னும் 45 வயதினர் அங்குள்ள சிறிய சிகிச்சை நிலையமொன்றுக்குச் சென்றார். அவர் அந்நாட்டின் ஆதிக்குடிகளைச் சேர்ந்தவர். கடுங்குளிரில் உறைந்தமையால் இரு கால்களையும் முன்னமே இழந்திருந்தார். சக்கர நாற்காலியிலேயே நடமாட்டம். பேச்சும் அவருக்கு இலகுவாக வருவதில்லை. சிறுநீர் வெளியேறுவதற்காகப் பொருத்தப்பட்டிருந்த குழாய் அடைத்துக்கொண்டது. சிகிச்சை நிலையத்து வைத்தியர் ஒரு கடிதத்தைக் கொடுத்து, டாக்சியிலேற்றி, நகரின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரை அனுப்பினார்.

பிற்பகல் மூன்று மணியளவில் அவர் அவசர சிகிச்சைப் பிரிவை அடைந்தார். வாசலில் நின்ற உதவியாளரிடம் பேசினார். உதவியாளர் ஏதோ குறித்துக்கொண்டதைக் கண்காணிப்புக் கமெராவின் படம் காட்டுகிறது. அதன்பின் அவர் காத்திருப்போர் பகுதிக்குச் சென்றார். அவர் பெயர் பதிவேட்டில் ஏறவேயில்லை. வெள்ளி இரவு கழிந்தது. சனிக்கிழமை பகல் கழிந்தது. தாதியர் முறைமாறி வந்தனர், போயினர். சின்கிளேர் அங்கேயே இருந்தார். இடையிலே வாந்தி எடுத்தார். ஞாயிறு பிறந்த நள்ளிரவுக்குச் சற்றுப் பின் அவரை வந்து பார்த்தபோது உயிர் இல்லை. உடல் விறைத்திருந்தமையால், இறந்து பல மணி நேரமாயிற்று என்பது தெரியவந்தது. மொத்தம் 34 மணி நேரம்! அடைபட்ட குழாயை மாற்றிக் கிருமிகொல்லி மருந்து கொடுத்திருந்தாற் போதும், அவர் பிழைத்திருக்கக்கூடும்.

இதிலே வாசகர் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்த மண்டபத்தில் இருந்த எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. சிகிச்சைக்காகவும் துணைக்காகவும் வந்து காத்திருந்த சாதாரண மக்களுட் சிலர், சக்கர நாற்காலியிலிருப்பவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊழியரிடம் சென்று சொன்னார்கள். சொன்னவர்கள் வைத்தியம் படித்தவர்களல்லர். அவர்கள் செய்ததெல்லாம் அந்த மனிதரை உற்றுப் பார்த்ததே. ஊழியருட் சிலரும் பார்க்காமலில்லை. ஆனால் பார்த்தபோதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டனர். குடித்துவிட்டுத் தூங்குகிறார் என்று ஒருவர் நினைத்தார். வீடில்லாதவர், குளிருக்கு ஒதுங்கியிருக்கிறார் என்று இன்னொருவர் நினைத்தார். சிகிச்சை முடிந்து வாகனத்துக்குக் காத்திருக்கிறார் என்று மற்றொருவர் நினைத்தார். இவற்றையெல்லாம் பின்னர் நடந்த மரண விசாரணை வெளிப்படுத்திற்று. நீதிபதி 2014ஆம் ஆண்டு டிசெம்பரில் 63 பரிந்துரைகளோடு அறிக்கையை வெளியிட்டார். அவர் ஒதுங்க இடம் தேடி வரவில்லை, வைத்தியம் தேடியே வந்தார் என்பது அதிலே தெளிவாக்கப்பட்டது.

ஆயினும் சின்கிளேரின் குடும்பத்தார் அவ்விசாரணையின் பிற்பகுதியிலிருந்து விலகிக்கொண்டனர். 'ஆதிக்குடியைச் சேர்ந்தவராயிருந்ததனால் அல்லவா அவரைக் கண்டதும் குடிகாரர் என்ற நினைவு எழுந்தது? அதை ஆராயாது, மண்டபத்தின் ஒழுங்கையும் நோயாளர் போக்குவரத்தையும் மட்டும் ஆராய்வதிற் பயன் என்ன?' என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் பக்கமே நியாயம் இருந்ததென்று நான் எண்ணுகிறேன். நோயாளரைப் பிரிக்கும் முறை எவ்வளவு நுட்பமானதாயினும், பிரிப்பவரின் கண் முதலிலே அந்த மனிதரை நோயாளியாகக் காணவேண்டுமன்றோ? ஐந்து நிறங்களுள் எந்த நிறமும் சின்கிளேருக்குக் கிடைக்கவில்லை.

இத்தகைய பார்வை உயிரைப் போக்காதவிடத்தும் வலியைப் பெருக்கத் தவறுவதில்லை. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்ஜல்ஸ் நகரிலே டாக்டர் நொக்ஸ் டொட் என்பவர், கை கால் எலும்பு முறிந்து அவசர சிகிச்சைக்கு வந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து, 1993ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். வெள்ளையருள் நூற்றுக்கு 26 பேருக்கு வலிநீக்கும் மருந்து கொடுக்கப்படவில்லை. லத்தீன் அமெரிக்க வழிவந்தோருள் நூற்றுக்கு 55 பேருக்குக் கொடுக்கப்படவில்லை. முறிந்த எலும்பு ஒன்றே; நோவும் ஒன்றே. ஒருவேளை வேற்றினத்தாரின் வலியை வைத்தியர்கள் சரியாக மதிப்பிடவில்லையோ என்று ஐயுற்ற அவர், மறு ஆண்டிலே அதனையும் ஆராய்ந்தார். மதிப்பிடுவதில் இனத்தால் வேறுபாடு காணப்படவில்லை. அப்படியாயின் மருந்து ஏன் வேறுபட்டது? அட்லாண்டா நகரிலே அவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இன்னோர் ஆய்விலே, வெள்ளையருள் நூற்றுக்கு 74 பேரும் கறுப்பினத்தாருள் 57 பேரும் மருந்து பெற்றிருந்தனர்.

என் மருமகன் அன்றிரவு ஆஸ்பத்திரி அதிரும்படி அலறினான். அவனுக்கு ஊசி விரைவிலேயே கிடைத்துவிட்டது. தச்சரோ பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அவரிடம் வலிக்கிறதா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நம் நாட்டிலே இவ்விஷயம் பெரும்பாலும் மொழியின் வடிவில் வருகிறது. தமிழும் ஆட்சிமொழியாகும் என்று 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் கூறுகிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு, சிங்களம் மட்டுமே அறிந்த இளம் டாக்டரின் முன்னே, தமிழ் மட்டுமே அறிந்த நோயாளி நிற்கும்போது அரசியலமைப்பு வந்து மொழிபெயர்ப்பதில்லை. கூட்டித் துடைக்கும் பெண்மணியோ, பக்கத்துக் கட்டிலில் கிடப்பவரோ, பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழி படித்த பேரப்பிள்ளையோதான் மொழிபெயர்க்க வேண்டியதாகிறது. தமிழிலே நோவுக்கு எத்தனை சொற்கள்! குத்து என்கிறோம், உளைவு என்கிறோம், கடுப்பு, எரிவு, இழுப்பு, விறைப்பு என்கிறோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருத்தத்தைச் சுட்டுவது. யாழ்ப்பாணத்துக் கிழவி "அந்தரமாய்க் கிடக்குது" என்பதிலே, மூச்சு முட்டலும் பயமும் படபடப்பும் கலந்திருக்கும். பத்து வயதுப் பேரன் இவையனைத்தையும் 'நோவு' என்ற ஒரே சொல்லிற் கட்டிக் கொடுத்துவிடுகிறான். பெண்களின் சங்கடமோ இதனிலும் பெரிது. பேரனை வைத்துக்கொண்டு எந்தப் பெண் தன் உதிரப்போக்கைப் பற்றிப் பேசுவாள்?

இது தமிழருக்கு மட்டும் உரிய துன்பமென்று கொள்ளலாகாது. வடக்கே வேலைக்கு வந்த சிங்களத் தொழிலாளி ஒருவர் திடீரென நோயுற்று, தமிழே வழங்கும் ஆஸ்பத்திரியொன்றில் விழிக்கும்போது அவர் நிலையும் அதுவே. 1990 என்னும் இலக்கத்தில் இலவசமாக அழைக்கக்கூடிய நோயாளர் காவு வண்டிச் சேவை 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 2019ஆம் ஆண்டளவில் நாடு முழுவதற்கும் விரிந்துவிட்டது. வண்டி வாசலுக்கே வருகிறது, இது பெரும்பேறு. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடப்பட்டவர் தம் குறையைத் தம் சொல்லிற் கூறி முடிக்கும்வரை பயணம் முடிந்ததென்று நான் கருதமாட்டேன்.

இன்னொரு வகையினரும் உண்டு. குடும்பப் பத்திரிகையில் அவர்களைப் பற்றி எழுதத் தயங்குவோம்; ஆனால் அவர்களும் நம் குடும்பங்களிலிருந்தே அங்கு செல்கிறார்கள். மனம் நொந்து நஞ்சருந்தியவர்களைச் சொல்கிறேன். 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை மிகுந்த நாடுகளின் முன்வரிசையில் நம் நாடு இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்ட பின் அத்தொகை வெகுவாகக் குறைந்தது. எனினும் அத்தகையோர் இன்றும் வருகிறார்கள். உயிரைக் காக்க வேண்டிய இடத்திலே, "சாகத்தானே குடித்தாய், பிறகேன் வந்தாய்?" என்ற ஏச்சையும் சிலர் கேட்க நேர்கிறது. சிகிச்சை குறைவின்றி நடந்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல் அவர்களோடு வீட்டுக்குச் செல்கிறது. அடுத்த முறை துன்பம் வரும்போது அவ்வாசலை மிதிக்க அவர்கள் கால் கூசுகிறது.

தாதியரையும் டாக்டர்களையும் குறைகூறுவது எளிது. நூறு பேர் நிற்கும் மண்டபத்திலே இரண்டு தாதியருக்கு நான்கு கண்களே உண்டு. எனவேதான், வாங்கிலிருப்போரின் கண்களையும் சேர்த்துக்கொள்ளச் சில தேசங்கள் வழி வகுத்துள்ளன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலே, மூன்று வயதும் நிறையாத ரையன் என்னும் பாலகன் 2007ஆம் ஆண்டில் ஆஸ்பத்திரியில் இறந்தான். பிள்ளையின் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் கூறியதற்குத் தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை. அவன் பெயராலே 2013ஆம் ஆண்டில் ஒரு விதி அங்கு நடைமுறைக்கு வந்தது. நோயாளியோ உறவினரோ முதலில் தாதியிடம் அல்லது வைத்தியரிடம் சொல்லலாம். மனம் ஆறாவிட்டால் பொறுப்புத் தாதியிடம் சொல்லலாம். அதிலும் ஆறாவிட்டால் ஒரு தொலைபேசி இலக்கத்தை அழைத்து, வேறொருவர் வந்து பார்க்கவேண்டும் என்று உரிமையோடு கேட்கலாம். இங்கிலாந்திலும் 2021ஆம் ஆண்டில் 13 வயதுச் சிறுமியொருத்தி இறந்தபின், அவள் பெற்றோரின் முயற்சியால், 'மார்த்தா விதி' என்னும் பெயரில் இதையொத்த ஏற்பாடு 2024ஆம் ஆண்டுமுதல் ஆஸ்பத்திரிகளிற் புகுத்தப்பட்டது. தொந்தரவு கொடுக்கும் உறவினர் என்று முன்பு ஒதுக்கப்பட்டவர்களின் சொல் இப்போது ஒரு மருத்துவக் குறிப்பாக மதிக்கப்படுகிறது.

நம் வாங்குக்குத் திரும்புவோம். குளவி கொட்டியவனின் கதையைக் கேட்டு ஆறியபின், தச்சர் தம் கையை மறந்து, சக்கர நாற்காலியிலிருந்த மூதாட்டியைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அந்த அம்மையாரின் மகன் தேநீர் வாங்கிவரச் சென்று நெடுநேரமாகியிருந்தது.

"இந்தம்மா ரொம்ப நேரமா அசையவே இல்லையே ஐயா. தூங்குற மாதிரி தெரியல. நெத்தியப் பாருங்க, இந்தக் குளிர்ல வேர்த்திருக்கு" என்றார்.

நான் பார்த்தேன். அதுவரை பார்த்திருக்கவில்லை. இரண்டு மணி நேரமாக மூன்றடி தூரத்திலிருந்தும், முதியவர் உறங்குகிறார் என்றே எண்ணியிருந்தேன்.

தச்சர் எழுந்து சென்று, தமக்குத் தெரிந்த சிங்களத்தில் தாதியை அழைத்தார். வந்த தாதி மூதாட்டியின் தோளைத் தட்டினார்; உரக்கக் கூப்பிட்டார்; மறுமொழி இல்லை. விரல் நுனியில் ஊசியாற் குத்தி இரத்தத்தைச் சோதித்தபோது சீனி மிகவும் இறங்கியிருந்தது. சீனி வருத்தத்துக்கு மாத்திரை விழுங்கிவிட்டுக் காலையிலிருந்து அவர் ஒன்றும் உண்ணவில்லையென மகன் பின்னர் சொன்னார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனபோது, அதன் கீழே கிடந்த துண்டொன்றைத் தச்சர் குனிந்து எடுத்தார். அது மூதாட்டியின் இலக்கம். அந்த இலக்கத்தை இரண்டு தரம் கூப்பிட்டார்களாம், சிங்களத்தில்.

குளுக்கோசு ஏறிய கால்மணி நேரத்துள் மூதாட்டி கண்ணைத் திறந்து, தம் மகன் எங்கே என்று கேட்டார். என் மருமகனுக்கு மாவுக்கட்டுப் போட்டு முடிய இரவு பதினொரு மணியாயிற்று. நாங்கள் வெளியேறும்போது தச்சர் இன்னும் வாங்கிலேயே இருந்தார். அவருடைய இலக்கம் வந்திருக்கவில்லை.